கார் ஏசி சர்வீஸ்: மைலேஜ் கணக்கில் எது தேறுகிறது, எது தேறவில்லை

வெயில் காலம் தொடங்கும்போதே 'முழு ஏசி சர்வீஸ்' விளம்பரங்களும் தொடங்கிவிடும். கேஸ் நிரப்புதல், கண்டென்சர் (வெப்பத்தை வெளியே தள்ளும் முன்பக்கப் பகுதி) கழுவுதல், கூலிங் காயில் (உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) சுத்தம், ஏசி ஃபில்டர் மாற்றுதல், துர்நாற்றம் போக்கும் ஸ்ப்ரே எல்லாம் சேர்ந்த ஒரே பேக்கேஜ். சில இடங்களில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்கு ஒரு 'பூஸ்டர்' திரவமும் சேர்த்துக் கொடுப்பார்கள். கூலிங் நன்றாக வரும், மைலேஜும் கூடும் என்பது வாக்குறுதி. கூலிங் வந்ததா இல்லையா என்பதைக் கையை வைத்தே பார்த்துவிடலாம். மைலேஜ் அப்படித் தெரியாது. அதனால் இந்த விமர்சனம் முழுக்க எரிபொருள் கணக்கை வைத்தே, பேக்கேஜில் உள்ள ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எடை போடுகிறது.

முதலில் ஏசி எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டும். வெயிலில் நின்ற சின்ன காரில் ஏறி ஏசி போட்ட முதல் சில நிமிடங்களில் கம்ப்ரசர் எஞ்சினிடமிருந்து 3 கிலோவாட்டுக்கும் மேல் இழுக்கும். உள்ளே குளிர்ந்த பிறகு சராசரி 1 முதல் 1.5 கிலோவாட்டுக்குள் வந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள வெப்ப ஆற்றல் சுமார் 9 கிலோவாட் மணி. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் கூடுதல் பளு ஏற்றும்போது, அதில் ஏறக்குறைய 30 சதவீதம் கம்ப்ரசரைச் சுற்றும் பெல்ட்டுக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஏசிக்கு மணிக்கு அரை லிட்டர்.

இந்த 'மணிக்கு' என்ற சொல்தான் முக்கியம். ஏசி கிலோமீட்டர் பார்த்துக் குடிப்பதில்லை, நேரம் பார்த்துக் குடிக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் 100 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம், ஏசி செலவு 0.6 லிட்டர் சொச்சம். நெரிசலில் சராசரி 20 கிலோமீட்டர் வேகம் என்றால் அதே தூரத்துக்கு ஐந்து மணி நேரம், இரண்டரை லிட்டர். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 தரும் கார் 16 சொச்சத்துக்கு இறங்கும். ஊருக்குள் 14 தரும் அதே கார் பத்தரைக்கு வந்துவிடும். கடும் வெயிலில், அதுவும் குறுகிய தூர ஓட்டத்தில், ஏசியால் மைலேஜ் 25 சதவீதத்துக்கும் மேல் குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

எந்த சர்வீஸாலும் இந்த அடிப்படைச் செலவைக் குறைக்க முடியாது. பழுதான சிஸ்டம் இதற்கு மேல் வீணாகக் குடிப்பதைத்தான் நிறுத்த முடியும். ஆகவே ஏசி நல்ல நிலையில் இருக்கும் காருக்கு சர்வீஸ் செய்தால் மைலேஜில் ஒரு மாற்றமும் தெரியாது. விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள்.

பேக்கேஜில் எரிபொருளை உண்மையிலேயே மிச்சப்படுத்தும் வேலை கண்டென்சர் கழுவுவதுதான். பட்டியலில் அதைக் கடைசியில் போட்டு, அவசர அவசரமாகச் செய்து முடிப்பது வழக்கம். கம்ப்ரசரின் உழைப்பைத் தீர்மானிப்பது இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. கூலிங் காயில் பக்கம் சுமார் 2 பார், கண்டென்சர் பக்கம் 14, 15 பார் என்பது மிதமான வெயிலில் ஆர்-134ஏ வகை கேஸ் உள்ள ஆரோக்கியமான சிஸ்டத்தின் அளவு. கண்டென்சர் வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் திணறினால் அந்தப் பக்கத்து அழுத்தம், அதாவது மேல் அழுத்தம், ஏறும். கேஸ் திரவமாகும் வெப்பநிலை 55 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனாலே மேல் அழுத்தம் ஏறக்குறைய 4 பார் கூடும். ஒவ்வொரு கிராம் கேஸையும் அழுத்த அதிக வேலை வேண்டும். அந்தக் கிராம் கொடுக்கும் குளிர்ச்சியோ குறைந்துபோகும். இரண்டும் சேர்ந்து, அதே குளிர்ச்சிக்கான உழைப்பு கால் பங்குக்கும் மேல் கூடுகிறது. ஓட்டுபவருக்கு இது தெரியாது, கூலிங் சுமாராக வந்துகொண்டுதான் இருக்கும்.

கழுவும் முறையில்தான் பல இடங்கள் கோட்டை விடுகின்றன. பெரும்பாலான கார்களில் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது, இரண்டுக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கே சந்து. முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். டார்ச் அடித்து அந்தச் சந்தை மேலிருந்து பார்த்தால் தூசியும் பூச்சிச் சிறகுகளும் சருகுமாகக் கம்பளி விரித்ததுபோல் படிந்திருக்கும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ளும். ஃபேன் கூட்டைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, சாதாரணக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் கழுவ வேண்டும். பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, காற்று போகும் வழியே அடைபடும். கழுவியதால் கெட்டுப்போன கண்டென்சர்கள் இப்படித்தான் உருவாகின்றன. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வீரியமான அமிலமோ காரமோ வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். மடங்கிய தகடுகளை நிமிர்த்தச் சீப்பு போன்ற கருவி இருக்கிறது, பொறுமையாகச் செய்தால் பலன் உண்டு.

கழுவிய கையோடு ஃபேனையும் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் ஏசி சுவிட்சைப் போட்ட சில விநாடிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சிலவற்றில் அழுத்தம் ஓரளவு ஏறிய பிறகே சுற்றும். கிரில் முன் ஒரு காகிதத்தைப் பிடித்தால் உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். ஃபேன் மோட்டார் மாற்றிய வண்டிகளில் ஒயர் மாறிக் காற்று எதிர்த்திசையில் அடிப்பது உண்டு, அப்போது காகிதம் தள்ளப்படும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் ஃபேன் சுற்றும், ஆனால் சோம்பலாக. கண்டென்சரின் ஓரங்களில் இருக்கும் ஃபோம் பட்டைகள் உதிர்ந்திருந்தால், வண்டி நிற்கும்போது ரேடியேட்டரின் சூடான காற்று சுற்றிவந்து மறுபடியும் கண்டென்சருக்குள்ளேயே போகும். 'ஓடும்போது ஜில்லென்று வருகிறது, சிக்னலில் நின்றால் வெதுவெதுவென்று ஆகிறது' என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான், கேஸை அல்ல.

கேஸ் நிரப்புவது பேக்கேஜின் மையம், காசும் அதில்தான். ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலை. வழக்கமாகச் செய்யும் முறையில் செய்தால் மைலேஜுக்கு நேர் எதிரி.

வருடத்துக்கு ஒருமுறை கேஸ் மாற்ற வேண்டும் என்பது தவறு. கேஸ் செலவாகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. கம்ப்ரசர் தண்டின் சீல் வழியாகவும் ரப்பர் குழாய் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் போகும், அவ்வளவுதான். ஒரே வருடத்தில் கூலிங் போய்விட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் நிரப்பும் கேஸ் அடுத்த சில மாதங்களில் காற்றோடு போகும்.

அடுத்தது கேஜ். மேனிஃபோல்டு கேஜை மாட்டி, 'பிரஷர் கம்மி, கொஞ்சம் ஏற்றிவிடலாம்' என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். இதில் உள்ள பிழையை நேரிலேயே சோதிக்கலாம். 30 டிகிரி வெப்பத்தில், எஞ்சின் ஓடாமல் ஆறி நிற்கும் ஆர்-134ஏ சிஸ்டத்தில் கேஜ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 450 கிராம் இருந்தாலும் அதே 97, பாதி கசிந்து போயிருந்தாலும் அதே 97. ஒரு துளி திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், எடை அல்ல. எஞ்சின் ஓடும்போதோ அழுத்தம் ஆர்பிஎம், வெளி வெப்பம், ஈரப்பதம், புளோயர் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து ஆடும். லோ பக்கம், அதாவது கூலிங் காயில் பக்கம், 40 பிஎஸ்ஐ வரும்வரை ஏற்றுவது என்ற பழக்கம் கார்களை அளவுக்கு மீறி நிரப்புகிறது. கூடுதல் திரவம் கண்டென்சரின் அடி வரிசைகளில் தேங்கி, வெப்பம் வெளியேறும் பரப்பைத் தின்றுவிடும். மேல் அழுத்தம் ஏறும். அழுக்கடைந்த கண்டென்சர் செய்யும் அதே கெடுதலைக் காசு கொடுத்து வாங்கியதாக ஆகும்.

அளவு குறைந்தாலும் நஷ்டம்தான். கூலிங் காயில் முழுதாக நனையாமல், கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும். கேஸோடு சேர்ந்து திரும்ப வேண்டிய ஆயிலும் திரும்பாது, அதில்தான் கம்ப்ரசர் தேய்கிறது.

சரியான முறை ஒன்றே ஒன்று. இருக்கும் கேஸை மெஷினால் உறிஞ்சி எடுத்து எடை பார்ப்பது. கூடவே வந்த ஆயில் எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்வது. பிறகு குறைந்தது 30 நிமிடம் வாக்குவம். வாக்குவம் காற்றை எடுப்பதோடு, உள்ளே இருக்கும் ஈரத்தையும் கொதிக்கவைத்து ஆவியாக்கி வெளியேற்றுகிறது. பத்து நிமிடத்தில் முடித்தால் காற்று போயிருக்கும், ஈரம் போயிருக்காது. வாக்குவம் பம்பை நிறுத்தி 15 நிமிடம் ஊசி ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் எடுத்த அளவு ஆயிலைத் திரும்ப விட்டு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எழுதியுள்ள எடையைத் தராசு வைத்து ஏற்றுவது. சின்ன கார்களில் அது பெரும்பாலும் 350 முதல் 550 கிராமுக்குள் இருக்கும். அனுமதிக்கப்படும் வித்தியாசம் இருபது, முப்பது கிராம்தான். நூறு கிராம் என்பது பெரிய பிழை.

வாக்குவம் போடாமல் டாப்-அப் செய்யும்போது சார்ஜிங் குழாயில் இருக்கும் காற்றும் உள்ளே போய்விடும். அந்தக் காற்று ஏசி சிஸ்டத்தில் வரும் எந்த வெப்பநிலையிலும் திரவமாகாது, கண்டென்சரில் இடம்பிடித்து உட்கார்ந்து மேல் அழுத்தத்தின் மீது தன் அழுத்தத்தையும் ஏற்றும். ஊசி நிலையில்லாமல் நடுங்கினால் சந்தேகப்படுங்கள். ஆயிலிலும் கை தாராளம் கூடாது. சின்ன காரின் மொத்த சிஸ்டத்துக்கும் வேண்டியது 100 முதல் 150 மில்லி அளவுதான். மிஞ்சிய ஆயில் கூலிங் காயிலின் உட்சுவரில் படலமாகப் படிந்து வெப்பப் பரிமாற்றத்தைக் கெடுக்கும். மின்சாரக் கம்ப்ரசர் உள்ள ஹைப்ரிட், மின்சார கார்களில் இது இன்னும் தீவிரம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மின்காப்பு கெடாத பிஓஇ வகை ஆயில் மட்டுமே ஆகும். சாதாரண பிஏஜி ஆயில் கலந்தால் ஹை வோல்டேஜ் காப்பு பழுதாகி கம்ப்ரசரே போகலாம். முந்தைய காரில் பயன்படுத்திய குழாயை அப்படியே மாட்டுகிறார்களா என்று கேளுங்கள். ஆர்-1234ஒய்எஃப் கேஸ் உள்ள புதிய கார்களின் வால்வு வாயே வேறு. அடாப்டர் போட்டு ஆர்-134ஏ ஏற்றித் தரும் இடத்தை விட்டு உடனே கிளம்பிவிடலாம்.

சுருக்கமாக முடிக்கக் கூடியவை சில. ஏசி ஃபில்டர் மாற்றுவது தேவையான வேலை, 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. ஆனால் அது நேரடியாக எரிபொருளைக் குறைப்பதில்லை. காற்று வேகம் கூடுவதால் புளோயரை நாலிலிருந்து இரண்டுக்குக் குறைக்க முடிகிறதே, அதுதான் லாபம். முழு வேகத்தில் புளோயர் 200 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதை ஆல்டர்னேட்டர் வழியாக எஞ்சின்தான் கொடுக்கிறது. கூலிங் காயில் ஃபோம் ஸ்ப்ரே நாற்றத்துக்கு நல்லது, மைலேஜுக்கு எதுவும் இல்லை. வாசனைப் புகை, 'சானிடைசிங்' போன்றவையும் அப்படியே. பூஸ்டர் திரவம் வேண்டாம். கம்ப்ரசர் தயாரிப்பாளர் சொல்லாத எதையும் ஆயிலோடு கலப்பதால் வரும் ஆபத்து பெரிது, லாபத்துக்கு ஆதாரம் இல்லை.

பேக்கேஜில் இல்லாத, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மேக்னட் கிளட்ச் (கம்ப்ரசரை எஞ்சினோடு இணைத்தும் விடுவித்தும் இயக்கும் பகுதி) உள்ள காரில் பானெட்டைத் திறந்து, ஏசியை ரீசர்குலேஷனில் (உள்காற்றையே சுழற்றும் நிலையில்), புளோயரைக் குறைவாக வைத்து ஐந்து நிமிடம் நின்று காது கொடுங்கள். 'டக்' என்று கிளட்ச் பிடிக்கும், எஞ்சின் ஒரு கணம் அமுங்கி எழும், பிறகு 'டக்' என்று விடும். மிதமான வெயிலில் அரை நிமிடம் ஓடிக் கொஞ்சம் ஓய்வெடுத்தால் நல்லது. மூன்று நான்கு விநாடிக்கு ஒருமுறை டக் டக் என்று அடித்தால் பெரும்பாலும் கேஸ் மிகவும் குறைந்து லோ பிரஷர் சுவிட்ச் வெட்டுகிறது. குளிர்ந்த இரவிலும் விடவே இல்லை என்றால் கூலிங் காயிலில் உள்ள தெர்மிஸ்டர் பழுதா என்று பாருங்கள். பனி கட்டுவதற்கு முன் கம்ப்ரசரை நிறுத்துவது அதன் வேலை. பழுதான தெர்மிஸ்டர் மைலேஜைச் சத்தமில்லாமல் தின்னும். கிளட்ச் இல்லாத, தேவைக்கேற்ப அழுத்தும் அளவை மாற்றும் வேரியபிள் கம்ப்ரசர்களில் இந்த ஒலி கேட்காது, அவற்றுக்கு ஸ்கேனர்தான் வழி.

இந்த இரண்டு வகைக் கம்ப்ரசர்களுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் கொடுக்கப்படும் அறிவுரை ஒன்று எங்கும் சுற்றுகிறது. 'டெம்பரேச்சரை இரண்டு டிகிரி கூட்டி வையுங்கள், மைலேஜ் கிடைக்கும்' என்பார்கள். வேரியபிள் கம்ப்ரசரும் ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோலும் உள்ள காரில் அது பலிக்கும். உள்ளிருக்கும் ஸ்வாஷ் பிளேட் என்ற சாய்தட்டின் சாய்வு குறைந்து, கம்ப்ரசர் குறைவாகவே அழுத்தும். பழைய பாணி கைக் குமிழ் உள்ள பல கார்களில் பலிக்காது. அங்கே காற்று முதலில் முழுக்கக் குளிர்கிறது, குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினால் அதில் ஹீட்டரின் சூடு கலக்கப்படுகிறது. கம்ப்ரசருக்குப் பழைய வேலைதான். பெட்ரோல் கொடுத்துக் குளிரச் செய்ததை மறுபடி சூடாக்குவதைவிட, குமிழை நீலத்தின் கடைசியிலேயே விட்டு, புளோயரைக் குறைத்து, ரீசர்குலேஷனில் ஓடுவதே சிக்கனம். ஏற்கனவே குளிர்ந்த காற்றை மறுபடி குளிர்விப்பது சுலபம் என்பதால் ரீசர்குலேஷன் பெரிய மிச்சம் தருகிறது. நீண்ட பயணத்தில் மட்டும் அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள், மூச்சுக்காற்று சேர்ந்தால் ஓட்டுநருக்கு அசதி வரும்.

வெயிலில் நின்ற வண்டி வேறு கணக்கு. உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம் என்பதால், கண்ணாடிகளை இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டிவிட்டுப் பிறகு ஏசி போட்டு ரீசர்குலேஷனுக்கு வருவது சரி. கண்ணாடியை இறக்கியே போய்விடலாமா என்றால், ஊருக்குள் குறைந்த வேகத்தில் லாபம். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதே மேல்.

சர்வீஸ் பலன் தந்ததா என்று எப்படி அறிவது? வென்ட்டில் தெர்மாமீட்டர் வைப்பது கூலிங்கை மட்டும் சொல்லும். எரிபொருளுக்கு, காரின் கணினி எண்களைப் படிக்கும் சாதாரண ஓபிடி ரீடரும் போனும் போதும், பெட்ரோல் காரில் மாஸ் ஏர்ஃப்ளோ எண் (விநாடிக்கு எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை) கிடைத்தால். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஏசி இல்லாமல் 2.5 கிராம்/விநாடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், எனவே அதை 14.7 ஆல் வகுத்தால் பெட்ரோல் 0.17 கிராம். 3,600 ஆல் பெருக்கி, ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையான சுமார் 740 கிராமால் வகுத்தால் மணிக்கு 0.83 லிட்டர். ஏசி போட்டதும் 3.6 காட்டினால் 1.19 லிட்டர். வித்தியாசம் 0.36 லிட்டர், ஐடிலில் ஏசியின் செலவு அது. எத்தனால் கலந்த பெட்ரோலில் 14.7 கொஞ்சம் குறையும். ஆனால் சர்வீஸுக்கு முன்னும் பின்னும் ஒரே எரிபொருளில் ஒப்பிடும்போது அது பெரிய தடையில்லை. டீசலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டிஸ்ப்ளேயில் மணிக்கு லிட்டர் காட்டும் வண்டியில் அதையே பார்க்கலாம். இரண்டு முறையும் வெளி வெப்பம், புளோயர் வேகம், ஹெட்லைட் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், ஏசி போட்டுப் பத்து நிமிடம் கழித்தே எண்ணைக் குறிக்க வேண்டும்.

யாருக்கு இந்த பேக்கேஜ் தகும்? மூன்று நான்கு வருடமாகக் கண்டென்சர் கழுவாத வண்டிக்கு, சிக்னலில் கூலிங் விழும் வண்டிக்கு, ஏற்கனவே எங்கோ டாப்-அப் செய்து என்ன அளவு இருக்கிறது என்றே தெரியாத வண்டிக்குத் தகும். மற்றவர்கள் கண்டென்சர் கழுவுதலையும் ஏசி ஃபில்டரையும் மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கேஸ் வேலை செய்யும் இடத்தில் பில்லில் மூன்று எண்கள் எழுதித் தரச் சொல்லுங்கள்: எடுத்த கேஸ் எத்தனை கிராம், ஏற்றிய கேஸ் எத்தனை கிராம், வாக்குவம் எத்தனை நிமிடம். மெஷின் இருக்கும் இடத்தில் இந்த எண்கள் திரையிலேயே வரும். எழுதித் தரத் தயங்கினால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.